ஏணியில் காத்திருந்த அங்கிள்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஆபீசுக்கு வைஃபை மாற்ற ஒரு அங்கிள் வந்தார். நரைத்த மீசை, இடுப்பில் தொங்கும் டெஸ்டர். நடந்தால் சத்தமே கேட்காது. குரலோ பாசாரில் மீன் விற்கும் குரல்.

ஏணியில் ஏறியதும், "லைன் கட் பண்ணப் போறேன்! யாராச்சும் யூஸ் பண்றீங்களா?" என்று கத்தினார். அதையே மலாயிலும் ஒருமுறை.

"நான் மட்டும்தான் இருக்கேன் அங்கிள். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க" என்றேன்.

"யாராச்சும் இருப்பாங்க லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் ஸ்டோர் ரூமிலிருந்து, "கெஜாப், கெஜாப்!" என்று கொஞ்சம் பொறுக்கச் சொல்லிப் பதறிய குரல். துப்புரவு வேலை செய்யும் இந்தோனேசிய அக்கா, சொந்த ஊரான மேடானில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை அங்கிள் ஏணியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு கையேடு. ஏஐ ஏஜென்டுகள் தாமாகவே வைஃபை அமைக்க ஒரு கருவி செய்திருந்தோம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவற்றுக்குச் சொல்லும் கையேடு. அதில் முதல் படி: "பழைய நெட்வொர்க்கை நிறுத்து." எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: "யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறு."

படித்துப் பார்த்த மேனேஜர் ஓரத்தில் குறிப்பு போட்டார்: "ஞாயிற்றுக்கிழமைதானே செட்டப் ஓடும்? ஆபீசில் யார் இருக்கப்போகிறார்கள்?"

அங்கிளின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. மேனேஜருக்கான பதிலை மட்டும் அங்கிள் சொன்னபடியே தட்டினேன்.

"யாராச்சும் இருப்பாங்க லா."