கையெழுத்து சொன்ன பொய்

பக்கவாதம் வந்த என் கணவருக்கு நடைப்பயிற்சி தர, பராமரிப்பு மையத்திலிருந்து தினமும் ஆள் வரவேண்டும். மூன்று வாரமாக யாரும் வரவில்லை. போனில் சண்டை போட்டுச் சலித்து, கடலூரில் இருக்கும் குறைதீர் அதிகாரியிடம் போனேன்.

“மையத்துல எழுத்துல புகார் குடுத்தீங்களாம்மா? அவங்க பதில பாத்துட்டுதான் நான் விசாரிக்க முடியும்” என்றார்.

வெறுங்கையோடு நெய்வேலி திரும்பினேன். மறுநாளே மையத்தில் எழுதிக்கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். ‘தினமும் வந்தோம்’ என்று பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனதும், அதிகாரி மையத்தின் வருகைப் பதிவேட்டை வரவழைத்தார். அந்த மூன்று வாரத்துக்கு நடுவே கணவர் கடலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளிலும், எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்ததாக ஊழியரின் கையெழுத்து! டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து நீட்டினேன்.

மைய மேலாளர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

“அது கெடக்கட்டுங்க, நாளைக்கு ஆள் வருவாங்களா?” என்றார் கணவர்.

வந்தார்கள். இன்று அவர் பஸ் ஸ்டாப் வரை தானே நடக்கிறார். நானும் இப்போதெல்லாம் எந்தப் புகாரையும் வாயோடு விடுவதில்லை. எழுதிக்கொடுத்து, நகலை வாங்கிக்கொண்டுதான் நகர்கிறேன்.