மூழ்கும் இறகு தேடி ஒரு தில்லிச் சனிக்கிழமை

அந்த மீன் பிடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அதற்கு முந்தைய நாளின் கதை.

எழுபதுகளின் கடைசி. புரட்டாசி மாதம், சனிக்கிழமை, காலை ஏழரை மணிக்குப் புது தில்லியில் ரயிலை விட்டு இறங்கினேன். குன்னூரில் நான் வேலை பார்த்த எஸ்டேட் கைமாறியதிலிருந்து சும்மாதான் இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு ஆகவே ஆகாது. கால் ஒரு இடத்தில் தரிக்காது. குலு பக்கம் ஆற்றோர விடுதி ஒன்றில், மீன் பிடிக்க வருகிறவர்களுக்குத் துணையாகப் போக ஆள் தேவைப்பட்டது. ஞாயிறு மதியம் முதலாளியின் கண்ணெதிரே ட்ரவுட் மீன் பிடித்துக் காட்ட வேண்டும். எஸ்டேட் பக்கத்து மலை ஓடைகளில் பிடித்துப் பழகிய கைதான். குலு பஸ் அன்று மாலை ஆறு மணிக்கு, கஷ்மீரி கேட்டிலிருந்து. பகலைக் கழிக்க சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் தங்கை வசந்தா வீடு இருந்தது.

வசந்தா கதவைத் திறந்ததும் காபிகூடக் கேட்கவில்லை. "அண்ணா, திங்கக்கிழமை உனக்கு இன்டர்வியூ. ஸ்டோர்கீப்பர் வேலை. பேசி வெச்சாச்சு. பேசாம இங்கயே இரு" என்றாள்.

"கோடவுன்ல மூட்டை எண்ணவா? ஆளை விடு தாயே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். தூக்கிவாரிப் போட்டது.

இரண்டு ராத்திரி ரயிலுக்கு நானே கட்டிய இட்லிப் பொட்டலம். மிளகாய்ப்பொடி தடவி, கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். அது அத்தனையும் கசிந்து ஃப்ளை டப்பாவுக்குள் இறங்கியிருந்தது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வதுதான் ஃப்ளை. அதில் தண்ணீர்மேல் மிதக்கிற ரகம் உண்டு, உள்ளே மூழ்குகிற ரகம் உண்டு. நான் கட்டியிருந்தது மூழ்கும் ரகம். எண்ணெய் குடித்த இறகு எப்படி மூழ்கும்? போதாக்குறைக்குப் பெருங்காய வாசனை வேறு. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். முள்ளையும் நூலையும் காப்பாற்றிவிடலாம், இறகு மட்டும் புதிதாக வேண்டும்.

ஒன்பதரை மணி. சதர் பஜாருக்கு ஆட்டோ பிடித்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்; எட்டு ரூபாய். குறுக்கே மாட்டு வண்டி, கைவண்டி, ஒரு பேண்டு வாத்திய ஊர்வலம். உட்கார முடியாமல் பாதி வழியில் இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஆராம் ஸே பைட்டியே, பாய் சாப்" என்றார். நிம்மதியாக உட்காரச் சொல்கிறாராம்!

இறகு வியாபாரியின் கடையில் சேவல் இறகு குஞ்சம் குஞ்சமாகத் தொங்கியது. செம்பு நிறம், கறுப்பில் பச்சை மினுக்கு, ரோஜா வண்ணச் சாயம் போட்டது என்று கண்ணைப் பறித்தது. "ஏக்தம் படியா மால்!" என்றார். அருமையான சரக்குதான், தொப்பிக்கு. கடையிலிருந்த தண்ணீர்க் குவளையில் ஒன்றைப் போட்டேன். விறைப்பாகப் படகு மாதிரி மிதந்தது. சேவல் இறகே அப்படித்தான். பளபளப்பு இருக்கும், தண்ணீர் ஒட்டாது. எனக்கு வேண்டியது மங்கலாக, பொசபொசவென்று இருக்கும் பெட்டைக் கழுத்து இறகு. நனைந்ததும் துவண்டு, ஓடுகிற தண்ணீரில் பூச்சிக்கால் போல அசைய வேண்டும். அவர் கடையில் அது இல்லை. அழகில்லாததை யார் வாங்கி வைப்பார்கள்?

பன்னிரண்டரைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட். கறிக்கடைகள் பக்கம் போனேன். இங்கே கோழியை வெந்நீரில் முக்கிப் பறிப்பதில்லை, தோலோடு உரித்துவிடுகிறார்கள். அதனால் இறகு குலையாமல் கிடைக்கும். பழுப்பு நிறப் பெட்டைகளின் கழுத்துத் தோல் மட்டும் கேட்டேன்.

"க்யா கரோகே?" இதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்றார் கடைக்காரர்.

"மச்லி பகடுங்கா." மீன் பிடிக்கப் போகிறேன்.

"முர்கீ ஸே மச்லி?" கோழியை வைத்து மீனா என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். காசு வாங்கவில்லை.

பொட்டலத்தோடு வீடு திரும்பியபோது வசந்தா வாசலிலேயே மறித்தாள். "புரட்டாசி சனிக்கிழமை அண்ணா! பெருமாளுக்கு மாவிளக்கு போட்ட வீட்டுக்குள்ள கோழி றெக்கையா? நீயெல்லாம் உருப்படுவியா?"

படிக்கட்டில் உட்கார்ந்தேன். மணி இரண்டைத் தாண்டிவிட்டது. பழைய ஃப்ளைகளைப் பிரித்து, முள்ளைத் துணி சோப்புப் போட்டுக் கழுவி, நூல் சுற்ற ஆரம்பித்தேன். அவசரத்தில் இழுத்த இழுப்பில் நூல் இரண்டு தரம் அறுந்தது. ஒவ்வொரு இறகாகத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவும் வேண்டும், கட்டவும் வேண்டும். பஸ் போய்விடும் என்ற பயத்தில் வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வசந்தா ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். "கத்தாதே. அப்புறமா தலைக்கு ஊத்திக்கிறேன். எப்படிப் பார்க்கணும், சொல்லு."

சொன்னேன். முள்ளின் வாயகலத்தைவிடச் சற்று நீளமான இழை. நடுத்தண்டு மெலிசாக இருக்க வேண்டும். பளபளப்பான இறகு ஆகாது. அவள் ஒவ்வொன்றாக நனைத்து, விரலால் நீவி, "இது மிதக்குது, வேண்டாம்… இது முங்கிருச்சு, புடி" என்று நீட்டினாள். என்னைவிட நிதானமாகப் பார்த்தாள். நாலரை மணிக்கு டப்பா நிறைந்துவிட்டது. சொன்னபடி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு என்னை வழியனுப்ப ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

கஷ்மீரி கேட்டில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க தமிழ் பேச யாராச்சும் இருப்பாங்களா அண்ணா?"

"ஆத்துல என்ன பேச்சு? சத்தம் போட்டா மீன் ஓடிடும்."

சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "அந்த ஸ்டோர்கீப்பர் வேலைக்கு எங்க வீட்டுக்காரரு யார்கிட்டயும் பேசல. நான்தான் நாலு வீடு ஏறி இறங்கிக் கேட்டேன். உனக்காக இல்லண்ணா. காலையில அவரு ஆபீஸ் போனா சாயங்காலம்வரைக்கும் நான் வாயே தொறக்கறதில்ல. புள்ளைங்ககூட ஹிந்தியிலதான் பதில் சொல்லுதுங்க. நீ இருந்தா சண்டையாவது போடலாம்னு நெனச்சேன்."

என்னைக் கட்டிப்போடப் பார்க்கிறாள் என்றல்லவா காலையிலிருந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்! கண்டக்டர் "ஜல்தி, ஜல்தி" என்று கதவைத் தட்டினார்.

"வசந்தா, நான் இறங்கட்டுமா?"

"அவ்வளவும் முங்குறதாப் பார்த்து எடுத்துக் குடுத்திருக்கேன்ல? போய்ப் புடி."

பஸ் நகர்ந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ ஊர்களைத் திரும்பிப் பார்க்காமல் விட்டுவந்திருக்கிறேன். தில்லியை அப்படி விட முடியவில்லை. கழுத்து வலிக்கும்வரை ஜன்னல் வழியே பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'இறங்கு' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன். அவள் சொல்லவில்லை. நானாகவும் இறங்கவில்லை.