ஜமால் பாய் ஊற்றிய தண்ணீர்

சென்ற புதன்கிழமை காலை தொலைபேசி அடித்தது. "சார், ஜமால் முகமதோட மகன் பேசுறேன். அத்தா விடியக்கால மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகை முடிஞ்சு அடக்கம்." "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். மதியத் தொழுகைக்குப் பிறகு என்று அவர் பொறுமையாக மறுபடி சொன்னார். வீட்டை இரண்டு முறை பூட்டி, இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு, ஜமால் பாயின் ஊரான மேல்பட்டாம்பாக்கம் போகச் சிதம்பரத்தில் பேருந்து ஏறினேன்.

கடலூர் செல்லும் புதிய சாலையில் பேருந்து விரைந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சாலை போடுவதற்கு முன், அதன் அடியில் என்ன மண் இருக்கிறது என்று அளந்தவர் ஜமால் பாய். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி பேருந்திலேயே தொடங்கிவிட்டது. இன்னும் தீரவில்லை.

கல்லூரியில் புவி இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றபின், நில ஆய்வு செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். களத்தில் அளவெடுப்பது பாயின் குழு. அவர்கள் தரும் எண்களிலிருந்து மண்ணின் அடுக்குகளைக் கணிப்பது என் வேலை. பள்ளிப் படிப்போடு சவுதி சென்று, எண்ணெய் தேடும் கம்பெனிக்காகப் பாலைவனத்தில் கேபிள் இழுத்தவர் அவர். முதல் நாள் குடையோடு போய் நின்ற என்னைப் பார்த்து, "பூமிக்கு ஷாக் குடுக்கிறது எங்க பொழப்பு சார். அது ஏன் கத்தலன்னு கண்டுபுடிக்கிறது உங்க பொழப்பு" என்றார்.

இந்த வேலை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடிப்பார்கள். வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். கம்பிகளை விலக்கி விலக்கி அடித்தால் மேலும் ஆழத்து மண் தெரியவரும். காய்ந்த மணல் மின்சாரத்தைத் தடுக்கும். உப்புநீர் ஊறிய களிமண் எளிதில் விட்டுவிடும்; அங்கே எண் விழும். கோடையில் மேல்மண் காய்ந்திருந்தால் கம்பி சரியாக ஒட்டாது என்பதால் அதன் காலில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஊற்றுவது வழக்கம். பாய் அதை டீக்கடை டம்ளரால்தான் ஊற்றுவார். கம்பிக்கு ஒரு டம்ளர், அதற்கு மேல் இல்லை.

"பாய், கம்பிக்கு சர்பத் குடுக்கிறீங்களா?" என்று ஆட்கள் சீண்டுவார்கள்.

"ஆமாம் மச்சான், மிச்சம் இருந்தா ஒனக்கும் தரேன். மூடிக்கிட்டுக் கேபிள சுத்து."

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு தாழ்ந்த வயற்பகுதி. அங்கே ஓர் இடத்தில் மட்டும் எண்கள் சட்டென்று விழுந்திருந்தன. இரு பக்கமும் நல்ல மண். மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆட்கள் உப்புத்தண்ணீரைக் கூடுதலாகக் கொட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்து, அந்த எண்ணை விட்டுவிட்டு, ஓரத்தில் 'களப்பிழை' என்று எழுதினேன். வரைபடத்தின் கோடு அழகாக வந்தது.

அன்று மாலை பாய் அலுவலகத்துக்கு வந்தார். "சார், அந்த எடத்துல நான் ஜாஸ்தி ஊத்தலியே."

"ரெண்டு பக்கமும் நல்லா இருக்கே பாய்."

"தண்ணி கொட்டிச்சின்னா மேலாகத்தான சார் கெடும்? கம்பி கிட்டக்க இருக்கிறப்ப ரீடிங் நல்லாதான் இருக்கு. எட்டப் போவப் போவத்தான் வுழுது."

முப்பது ஆண்டுகள் நான் கரும்பலகையில் எழுதிய பாடம் அது. "நாளைக்குக் கொடுக்கணும் பாய்" என்றேன். அறிக்கை போயிற்று.

மூன்றாம் நாள் புதிய தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார். யாரும் சொல்லாமலே ஆட்களோடு போய், அதே இடத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் அளந்திருந்தார். அதே எண். "இந்தத் தடவ உப்பே கெடயாது. குடிக்கிற தண்ணியத்தான் ஊத்துனேன். பசங்க தாகத்துல என்னைத் திட்டித் தீத்துட்டானுங்க."

அந்தத் தாளோடு ஒரு கடிதம் வைத்தேன். 'களப்பிழையால் விடுபட்ட இடம் மீண்டும் அளக்கப்பட்டது.' முதல் அளவே சரி என்று எழுதக் கை வரவில்லை. இருவரும் சென்று சாலைப் பொறியாளரிடம் கொடுத்தோம். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "என்ன பாய், மொதல்ல உப்புத்தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டு, இப்ப சரி பண்ணிக்கிட்டு வந்தீங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும், "ஏன் பாய் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார்."

துளையிட்டுப் பார்த்தபோது மூன்று ஆள் ஆழத்துக்குச் சிப்பி கலந்த கருஞ்சேறு வந்தது. அந்த இடத்தைப் பலப்படுத்திய பிறகே சாலை எழும்பியது. ஆனால் அன்று முதல் அவருக்கு 'உப்புத்தண்ணி பாய்' என்று பெயர் விழுந்தது. அடுத்த வேலைகளில் அவர் தண்ணீர் ஊற்றுவதை மேற்பார்வையிட ஓர் ஆளை நிறுத்தினார்கள். நான் மன்னிப்புப் போல ஏதோ முணுமுணுத்தபோது, "போவட்டும் சார், ரோடு உக்காரலல்ல?" என்றார். உண்மையைச் சொல்லும் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். ஒன்றையும் அனுப்பவில்லை.

புதன்கிழமை பள்ளிவாசல் வாசலில் அதே பொறியாளர், ஓய்வு பெற்றவர், கண் கலங்க என் கையைப் பிடித்தார். "நம்ம உப்புத்தண்ணி பாய் போயிட்டாரே சார்."

"அது அவர் தப்பு இல்லை" என்றேன்.

"இப்ப எதுக்கு சார் அதெல்லாம்? யாருக்குத்தான் தப்பு வராது?"

"அவருக்கு வரலை. எனக்கு வந்தது. அவர் முதல்ல அளந்ததே சரி. நான்தான் அடிச்சு எழுதினேன்." குரல் உயர்ந்துவிட்டது. சிலர் திரும்பினார்கள். பாயின் மகன் அருகில் வந்தார்.

"அப்படியா சார்?" என்றார் மெதுவாக. "கை தவறி ஜாஸ்தி ஊத்திட்டேன்னு அத்தா எங்ககிட்ட சொல்லிச் சிரிப்பாங்களே."

தொழுகை முடிந்து, அவரைக் கிடத்திய சந்தூக்கு தோள்களில் ஏறியது. அவர் மகனே விலகி எனக்கு இடம் விட்டார். பத்தடி தூரம் சுமந்திருப்பேன். அதற்குள் வேறு தோள் வந்துவிட்டது. குழியருகே எல்லோரும் மும்மூன்று பிடி மண் இட்டார்கள். நானும் இட்டேன்.

ஜமால் பாய், நீங்கள் அளந்தது சரி. வீட்டிலும் வேலையிலும் நீங்கள் சுமந்த அந்தப் பிழை என்னுடையது. உங்களை அறிந்தவர்களும் அறியாதவர்களும் படிக்க, என் பெயரிலேயே இதை எழுதிக் கொடுக்கிறேன். இனி நீங்கள் அமைதியாக உறங்குங்கள்.