தானாகப் போன நன்றி

அக்காவைக் கட்டிய அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த வருடம், நான் திருகோணமலை நகரத்தில் ஒரு நெட் கஃபேயில் வேலை செய்தேன். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். கணினியோடு அந்தச் சிக்கல் இல்லை. பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்திருந்தாலும், பார்த்துப் பார்த்தே இணையத்தளம் நடத்தப் பழகிக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கென்று இருந்த இணையத்தளம் லண்டனிலிருந்த அத்தானின் அண்ணனுடையது. கோயில் படங்களையும் மரண அறிவித்தல்களையும் ஏற்றுவது என் வேலை. யாராவது கீழே கருத்து எழுதினால், அதை வெளியிடாமல் நிறுத்தி எனக்கு மின்னஞ்சல் அனுப்பும்படி சில வரி நிரல் எழுதிச் சேர்த்திருந்தேன். ஒரு ஆளைப் பற்றிப் பொதுவில் எழுதப்படும் ஒரு வரியே அவரைக் காணாமல் போகச் செய்யக்கூடிய சண்டைக் காலம் அது.

சில மாதங்கள் பொறுத்துவிட்டு லண்டனிலிருந்து அவர் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, அவன் இனி வரமாட்டான். கிரியையள முடிப்பம். அறிவித்தலப் போடு.”

“அக்கா இன்னும் பொட்டு அழிக்கேல்ல அண்ணை.”

“கொக்காவுக்கு விளங்காது. நீ ஒரு வாயில்லாப் பூச்சி, உன்னட்டச் சொன்னன் பார்.”

நான் போடவில்லை. அவரே போட்டார். கல்யாணப் படத்தில் அக்காவை வெட்டிவிட்டு, அத்தானை மட்டும் கறுப்புக் கரைக்குள் வைத்திருந்தார். தளத்திலிருந்த என் நிரல் வரிகளை எடுத்துவிட்டுத் தன்னுடையவற்றைச் சேர்த்தார்; எனக்கு மின்னஞ்சல் வருவது நின்றது. கருத்து எழுதும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கணமே குடும்பத்தின் பெயரில் தானாகவே நன்றி போய்விடும். செத்தவீட்டுக்கு வந்தவருக்கு நன்றி நவிலல் அட்டை அச்சடித்துக் கொடுக்காவிட்டால் எங்கள் சனம் அதை ஆயுளுக்கும் சொல்லிக்காட்டும். அவர் பயந்தது அதற்கு மட்டும்தான்.

பிறகு ஊரடங்கு வந்தது. கடை பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று, அனுதாபங்களுக்கு நடுவில் ஒன்றைக் கண்டேன்.

“இவர் சாகவில்லை. நானும் இவரும் ஒரே அறையில் அடைபட்டிருந்தோம். நான் வெளியே வந்துவிட்டேன். மனைவி நிலாவெளியில் இருப்பதாகச் சொன்னார். இடத்தை இதில் எழுத ஏலாது. குடும்பத்தார் பதில் போட்டால் சொல்கிறேன்.”

அவருக்குப் பதில் போயிருந்தது. “அன்னாரின் மறைவுச் செய்தி அறிந்து எமது துயரில் பங்குகொண்ட தங்களுக்கு உளமார்ந்த நன்றிகள்.”

அவர் திரும்பவும் எழுதியிருந்தார். “வாசித்தீர்களா? ஆள் உயிரோடு இருக்கிறார்.” அதற்கும் அதே நன்றி. கடைசியாக, “உங்களுக்கு அவர் தேவையில்லைப் போல. மன்னிக்கவும்.” அதற்கும் நன்றி போயிருந்தது.

கருத்தோடு அவர் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரிக்கு நான் எழுதிய மடல் திரும்பி வந்தது. அந்த முகவரியையே மூடிவிட்டிருந்தார். லண்டனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

“என்ர நிரலில பிழை இல்லையே தம்பி? எல்லாருக்கும் போயிருக்குத்தானே?” என்றார். பிறகு, “எவனோ நக்கலுக்கு எழுதியிருப்பான்” என்றார்.

நிலாவெளி வீட்டுக்குப் போய் அக்காவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை.

“நிலாவெளி எண்டு சொன்னவராமோ?”

“ஓம் அக்கா.”

“அந்த நன்றி ஆரின்ர பேரில போனது?”

“குடும்பத்தின்ர பேரில.”

“அப்ப, என்ர மனுசனை வேண்டாமெண்டு நானே சொல்லியிருக்கிறன்” என்றாள்.

அறிவித்தலை எடுக்க லண்டன் கடைசிவரை சம்மதிக்கவில்லை. என் பழைய வரிகளைச் சேர்க்க மட்டும் விட்டார். அதன் பிறகு ஒவ்வொரு கருத்தும் நின்று, என்னிடம் வந்து, நான் பார்த்த பிறகுதான் தளத்தில் ஏறியது. சண்டை முடியும்வரை ஒன்று விடாமல் வாசித்தேன். எல்லாம் அனுதாபங்கள்.