முகம் பார்க்காத சாட்சி

காசிமேட்டில் நடந்த ஒரு கொலை வழக்கில் நான் சாட்சி. கொன்றுவிட்டு ஓடினவன் எங்கள் தெரு மணிதான் என்று போலீஸில் சொல்லியிருந்தேன்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம், என் மகள் பழைய பிரெஞ்சுப் படம் ஒன்று போட்டாள். அதிலும் கொலை வழக்குதான். செத்தவளின் கணவன்தான் கொன்றான் என்று அடித்துச் சொன்னேன். கடைசியில் கொன்றது அவன் இல்லை.

மறுநாள் கூண்டில் ஏறினேன்.

"இவரைத்தான் பார்த்தீங்களா?" என்றார் வக்கீல், மணியைக் காட்டி.

யோசித்தால், அன்று நான் பார்த்தது முதுகும் நீலச் சட்டையும்தான்.

"மூஞ்சிய பாக்கல சார்."

வெளியே, செத்தவனின் மனைவி என் கையைப் பிடித்தாள். "அன்னிக்கு அவன்தான்னு சொன்னியேக்கா, இப்ப இன்னா ஆச்சு?"

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தேன்.

மணி விடுதலையாகிவிட்டான். தெருவில் எதிரே வந்தால் சிரிக்கிறான். கோர்ட்டில் உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் அவனைப் பார்த்துத் திரும்பச் சிரிக்க எனக்கு வரவில்லை.