கண்ணாடியில் வாசித்த கடிதம்

இப்போது சினிமாவை ஆராய்ந்து பட்டம் வாங்குகிறார்களாம். கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பட்டத்தை நான் ஒன்பது வயதிலேயே கண்டியில் வாங்கிவிட்டேன். காகிதம்தான் யாரும் தரவில்லை.

எங்கள் வீடு மஹய்யாவையில் இருந்தது. அப்பா ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். எங்கள் ஊருக்கு வந்த படங்கள் அப்போது இன்னும் வாய் திறந்து பேச ஆரம்பிக்கவில்லை. அந்த வருடம் பெரஹெரா திருவிழாவுக்கு வந்த ஒரு படக் கம்பெனி, கூட்டம் கலைந்த பிறகும் ஊரை விட்டுப் போக மனமில்லாமல், வெறுந்தரையில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டது. கொட்டகைக்கு நடுவில் ஒரு வெள்ளைத் துணி. அதற்கு முன்னால் ஆண்கள், பின்னால் பெண்களும் குழந்தைகளும். துணியைத் தண்ணீர் அடித்து நனைத்துவிடுவார்கள், படம் எங்கள் பக்கமும் தெரியும். என்ன, எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். எங்கள் பக்கத்துக் கதாநாயகர்கள் இடது கையால் சாப்பிட்டார்கள், இடது கையாலேயே ஆசீர்வாதமும் செய்தார்கள். நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இடையிடையே எழுத்து வரும். அதுவும் எங்களுக்குத் திரும்பித்தான் தெரியும். படிக்கத் தெரிந்த பெண்களே குறைவு என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. அதோடு, கதை சொல்லவென்றே ஒருவர் இருந்தார். ஆண்கள் பக்கம் துணியின் ஓரமாக நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, யார் என்ன பேசுகிறார்கள், ஏன் அழுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். கணீரென்ற குரல். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

முதல் நாளே அப்பாவும் மாமாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் எழுத்து வாசிக்க வராது, கதை சொல்பவர் சொன்னதுதான் கதை. மாமா என்றால் அம்மாவின் அண்ணன், கேட்காமலே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் உள்ளவர். அவர்கள் கொண்டுவந்த கதை இதுதான். படித்த பெண் ஒருத்தி யாரோ ஒருவனுக்குக் களவாகக் கடிதம் எழுதுகிறாள். அவன் வண்டி கட்டிக்கொண்டு வருகிறான். அவனோடு அவள் போய்விடுகிறாள். தகப்பன் படுத்த படுக்கையாகிறான். கடைசியில் அவளைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். தகப்பன் புத்தி பேதலித்துச் சிரிக்கிறான். பெண்ணுக்கு எழுத்தைக் கொடுத்தால் குடி கெடும் என்று கதை சொல்பவர் முடித்தாராம்.

"படிச்ச பொண்ணு என்ன செய்வான்னு கண்ணாலயே பாத்துட்டோம் மச்சான். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் மாமா.

அப்பா கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். "நாளையில இருந்து பெரியவ பள்ளிக்கூடம் போக வேணாம்" என்றார்.

பெரியவள் என் அக்கா. மிஷன் பள்ளியில் அந்த வருடக் கடைசியில் பரீட்சை எழுத இருந்தாள். பாஸ் செய்தால் அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலை தருவதாகப் பெரிய டீச்சரம்மா சொல்லியிருந்தார். அக்கா அதற்காக இப்போதே சேலை கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுடைய புத்தகங்களை அம்மா ஒரு தேயிலைப் பெட்டியில் போட்டு மூடினாள். அக்கா சத்தம் போட்டு அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். அவள் அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, அதன் மேல் பழியைப் போட்டு அழுதாள். எனக்கு அந்தப் படத்தின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

புதன்கிழமை சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சித்திக்கு அழுவதென்றால் பிரியம், அதற்காகவே படம் பார்ப்பாள். படம் பாதி ஓடும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே கேட்காது. கதை சொல்பவரின் குரல் அப்படியே அமுங்கிப்போனது. வேறு வழியில்லாமல் நான் படத்தைப் பார்த்தேன்.

அந்தக் களவாணி வண்டியில் வந்து இறங்கினான். ஓடிவந்த பெண்ணின் தலையில் கையை வைத்தான். தகப்பனின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்தப் பெண்ணின் அம்மா அவனுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள், இலை போட்டாள், அவன் சாப்பிடச் சாப்பிடப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். எனக்குக் குழப்பமாகிவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு ஓட வந்தவனுக்கு யார் இரண்டாம் முறை சோறு போடுவார்கள்?

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அவ கடிதம் எழுதுறத காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க. ரொம்ப நேரம் காட்டுனாங்க. எழுத்தெல்லாம் திரும்பி இருந்துச்சு."

அக்கா எழுந்து கையைக் கழுவினாள். பிறகு சித்தியின் தகர விளிம்பு வைத்த முகக்கண்ணாடியை எடுத்து வந்து, என் பாடப் புத்தகத்தை அதற்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். எழுத்து திரும்பியது. திரும்பிய அந்த எழுத்தை அப்படியே தாளில் எழுதிக் கண்ணாடியில் காட்டினாள், நேராக வந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி போக சித்தியைக் கெஞ்சத் தேவைப்படவில்லை. அவளுக்கு இன்னும் அழுகை மிச்சமிருந்தது. கடிதம் வரும் நேரம் பார்த்து நான் துணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தேன். கொட்டகை முழுவதும் படத்தைப் பார்க்க, நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் சிரித்தார்கள். சித்தி தொடையில் கிள்ளினாள். கண்ணாடி அசைந்ததில் எழுத்தும் ஆடியது, ஆனாலும் ஒரு எழுத்தைக்கூட நான் விடவில்லை. 'அன்புள்ள அண்ணாவுக்கு. அப்பா கைநாட்டு வைத்த பத்திரம் பொய்ப் பத்திரம். நான் வாசித்துப் பார்த்தேன். உடனே வா.'

அன்று வீட்டுக்கு நான் நடந்து வரவில்லை, பறந்து வந்தேன். அக்காவிடம் ஒப்பித்தபோது அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு, "அப்பா நம்பணுமே" என்றாள்.

அப்பா நம்பவில்லை. "கதை சொல்றவரவிட ஒனக்குத் தெரியுமா?" என்றார். நான் கடைக்கே போய் நின்றுகொண்டேன். காலையில் சொன்னேன், மத்தியானம் சொன்னேன், அவர் தேத்தண்ணி ஆற்றும்போதெல்லாம் சொன்னேன். கடைசியில் கேட்டேன்.

"களவா வந்தவனுக்கு எந்த அம்மாவாவது எல போட்டு விசிறுவாங்களா அப்பா?"

அப்பாவின் கை அப்படியே நின்றது. யாருக்கு யார் என்ன மனதோடு சோறு போடுவார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். "நாளைக்கு அந்தப் படத்துக்குக் கடைசி நாளாம். வா, பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதல்முறையாக ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மாமா. படத்தில் எல்லோரும் வலது கையால் சாப்பிட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. கடிதம் வந்தது. "பாருங்கள், பாதகி, அந்நியனுக்கு எழுதுகிறாள்" என்று கதை சொல்பவர் குழாயில் ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி கைகட்டிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து வாசித்தேன். அண்ணாவுக்கு என்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

மாமா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். அப்போது கூடுதல் காசு கொடுத்து உட்காரும் கதிரை வரிசையில் இருந்து தபால் கந்தோரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் எழுந்தார். "ஓம், பிள்ளை வாசிச்சது சரி. நான் இண்டைக்குத்தான் பாக்க வந்தனான். அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு" என்றார்.

கதை சொல்பவர் குழாயை இறக்கினார். பிறகு ஏற்றினார். "ஆமாம், அண்ணன்தான் வருகிறார்" என்றார். அதன் பிறகு எழுத்து வந்தபோதெல்லாம் அவர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். நான் வாசித்தேன். நான் வாசித்ததை அவர் தன் கணீர்க் குரலில் கதையாக்கினார். அண்ணனும் தங்கையும் கோர்ட்டுக்குப் போனார்கள். அவள் கைதியாக நிற்கவில்லை, பத்திரத்தை வாசித்துக் காட்டினாள். வீடு தப்பியது. தகப்பன் சிரித்தது பைத்தியத்தால் அல்ல, சந்தோஷத்தால். கொட்டகை கைதட்டியது. துணிக்குப் பின்னாலிருந்து பெண்களின் கைதட்டல் அதைவிடப் பலமாக வந்தது. சித்தி அன்று அழுததில் நியாயம் இருந்தது.

அப்பா ஒன்பது வயதுக் கழுதையான என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மஹய்யாவை ஏற்றம் ஏறினார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்று மாமா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா தேயிலைப் பெட்டியைத் தானே திறந்தார். திங்கட்கிழமை காலை அக்கா பள்ளிக்கூடம் போனாள். நான் அவளுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். உலகத்தில் எனக்கு நிகர் யாருமில்லை என்று நம்பினேன், அதை இப்போதும் முழுதாக விட்டுவிடவில்லை.

அன்று பின்னேரம் நான் கடையில் இருந்தபோது கதை சொல்பவர் வந்தார். பகல் வெளிச்சத்தில் சின்ன ஆளாகத் தெரிந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு, அடுத்த படத்தின் கதை அச்சடித்த சின்னப் புத்தகத்தை மேசையில் வைத்து, என் பக்கம் தள்ளினார்.

"ஏதோ நல்லா வாசிக்கிறியாமே. இத வாசி பாப்போம்."

பரீட்சை வைக்கிறார் என்று புரிந்துகொண்டேன். தோற்றவருக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன. கடையிலிருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி உரத்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடுகள் மட்டும் என் பின்னாலேயே அசைந்தன. "முதல்லயிருந்து இன்னொரு தரம்" என்றார். நான் பிழை விடுவேனா என்று பார்க்கிறார் என எண்ணி, இரண்டாம் தரம் இன்னும் திருத்தமாக வாசித்தேன். மறுநாளும் வந்தார். அத்தனை பெரிய கதைக்காரருக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஊமைப் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே கதை கட்டிக்கொண்டிருந்தார் என்பது அன்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

மூன்றாம் நாள் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வாசலில் நின்று அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து குனிந்து, "மெல்லமா வாசி. அவருக்கு மட்டும் கேட்டாப் போதும்" என்றாள்.

என் மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டு, நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.