ஐஸ் வைத்த வஞ்சிரம்

சாக்கைப் பிரித்ததும் முதலில் வந்தது நனைந்த உமியின் வாடை. அதற்குப் பின்னாலேயே, வாய்விட்டுச் சொல்ல யாரும் விரும்பாத இன்னொரு வாடையும் வந்தது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அந்தச் சாக்குக்குள் ஒரு பாளம் ஐஸும் முழு வஞ்சிரம் ஒன்றும் இருப்பதாக அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஐஸைக் காணோம். அது கரைந்து ஊறிய உமிக்குள் வஞ்சிரம் புதைந்து கிடந்தது.

அது உலகச் சண்டைக்காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. மேடு வந்தால் நின்றுவிடும், ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். அரிமளத்தை அடுத்த எங்கள் ஊருக்கு முதல் நாள் மாலையே வர வேண்டிய பஸ், மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தது.

இவ்வளவு பாடும் அக்காவின் மாமனாருக்காக. மீமிசல் பக்கம் கடலோர ஊரில் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கொழும்பில் கடையில் இருந்ததால், கல்யாணத்துக்குப் பின் முதல்முறையாக அவளைத் தாய்வீட்டில் விட மாமனாரே வந்திருந்தார். கல்யாணத்தன்று அவர்கள் பக்கத்துப் பெண்கள், "ஒங்க ஊரு மீனு மண்ணத் திங்கிற மாதிரி இருக்குமாமே" என்று கேலி பேசியது அப்பாவின் நெஞ்சில் தைத்திருந்தது. சம்பந்தி இலையில் கண்மாய் மீன் விழுந்தால் மகளுக்கு அங்கே இளக்காரம் என்று முடிவு கட்டிவிட்டார். வலையிலிருந்து நேராகச் சட்டிக்குப் போகும் மீனைத் தின்று வளர்ந்தவருக்குக் கடல் மீனை வாங்கிப் போட்டு அசத்தப் பார்ப்பது என்ன புத்தி என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஆத்தா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள், வெளுத்துப் போயிருந்தது. சதையை விரலால் அமுக்கினாள். விழுந்த குழி எழும்பவில்லை.

"இது ஆகாதுங்க. பானையில வெராலு துள்ளிக்கிட்டுக் கெடக்கு, அத அறுத்துருவோம்," என்றாள்.

"ஐஸுல வந்த மீனு கெடுமா? அவங்களுக்குப் போயி சேத்து மீன ஆக்குவியா நீ?" என்றார் அப்பா.

ஆத்தா வஞ்சிரத்தையே அறுத்தாள். கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசி, புளித்தண்ணீரில் அலசி, மறுபடியும் உரசினாள். பூண்டை இரண்டு பங்காகத் தட்டிப் போட்டாள், வெந்தயத்தைக் கருகக் கருகத் தாளித்தாள். குழம்பு கொதித்ததும் அத்தனை மசாலாவையும் தாண்டி அந்த வாடை அடுக்களையை விட்டு வெளியே வந்தது.

மாமனார் இலையில் உட்கார்ந்தார். முதல் கவளத்தில் அவர் கை ஒரு கணம் நின்றது. அதை அப்பாவும் பார்த்தார், அக்காவும் பார்த்தாள், கதவோரம் நின்ற நானும் பார்த்தேன். பிறகு குனிந்த தலை நிமிராமல் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். "இன்னொரு துண்டு வைங்க தங்கச்சி" என்று அவர் ஆத்தாவிடம் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனவர், அம்மிக்குழவி வைத்து மூடியிருந்த பானைக்குள் ஏதோ முட்டும் சத்தம் கேட்டு மூடியை நகர்த்திப் பார்த்தார். உள்ளே முழங்கை நீளத்துக்கு விரால்.

"இம்புட்டு நல்ல மீன வச்சுக்கிட்டு... இத எனக்குக் குடுத்துருங்க சம்மந்தி, வீட்டுல கொண்டுபோயி காட்டணும்," என்றார்.

அப்பா மண்பானையோடு எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் வண்டி ஏறுவதற்குள் அந்த மனிதர் இரண்டு தடவை வைக்கோற்போர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டு வெளிறிய முகத்தோடு வந்தார். கேட்டதற்குப் பயணக் களைப்பு என்றார்.

அதற்குப் பிறகு அப்பா சம்பந்தி ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்காவைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது சித்தப்பா. பேரனுக்குக் காது குத்தியபோது சீர்த்தட்டு போயிற்று, அப்பா போகவில்லை. அந்த ஊரே அழுகின மீன் கதையைச் சொல்லிச் சிரிக்கும் என்று ஆத்தாவிடம் ஒரே ஒரு முறை சொன்னார். வீட்டில் அவர் காதுபட மீன் என்ற பேச்சே எழாமல் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டோம்.

அப்பா இறந்து காரியம் முடிந்த பிறகுதான் அக்கா என்னிடம் வாயைத் திறந்தாள். மாமனார் வீடு திரும்பியதும், சம்பந்தி வீட்டில் விரால் குழம்பு போட்டார்கள், அப்படியொரு ருசியை ஆயுசில் கண்டதில்லை என்று ஊரெல்லாம் சொன்னாராம். சாட்சிக்கு அந்த விராலைக் காட்டிவிட்டுக் கிணற்றில் விட்டாராம். வஞ்சிரம் என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வந்ததில்லையாம்.

"அப்பவே அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எப்படிடி சொல்றது? சொன்னா, கொழம்பு நாறுனது எனக்கும் தெரியும்னு அப்பாவுக்குத் தெரிஞ்சு போகுமே."

இப்போது என் மகன் புதுக்கோட்டைக் கடையிலிருந்து கல்லாக உறைந்த மீனை வாங்கி வந்து குளிர்பெட்டியில் அடுக்குகிறான். அது என்று செத்தது என்று யாருக்கும் தெரியாது. விருந்தாளி முகம் சுளித்தால் கடைக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். கண்மாயில் விரால் இல்லை. முகம் சுளிக்காமல் சாப்பிட்ட அந்த மனிதரும் இல்லை. மானம் போயிற்று என்று பேரனின் காதுகுத்துக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாரே அப்பா, அவருடைய மானம் அத்தனை வருஷமும் சம்பந்தி ஊரில்தான் பத்திரமாக இருந்திருக்கிறது.